அமானிதமும் அரசாங்கப் பத்திரமும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ரயில் மீஞ்சூரைக் கடந்ததும் அனுப்பம்பட்டு எனும் சிறு நிலையத்தில் நிற்கும். அதற்கடுத்தது பொன்னேரி. அனுப்பம்பட்டில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் சென்றால், வயல்வெளிகள் மெல்லக் குறைந்து, உவர் நிலம் விரிந்து, முடிவில் பழவேற்காட்டு ஏரியின் நீர்ப்பரப்பு கண்ணிற்படும். அவ்வேரிப்புறத்துச் சிற்றூர் ஒன்றின் ஜமாஅத்தார் சில மாதங்களுக்கு முன் என்னை ஆலோசனைக்கு அழைத்திருந்தனர்.

பிரச்சினை பெரிதன்று, ஆயினும் எளிதுமன்று. மக்தப் கட்டிடத்திற்கென அவர்கள் பணம் திரட்டியிருந்தனர். கட்டிடம் எழும்ப வேண்டிய தொகை சேர இன்னும் இரண்டாண்டுகள் ஆகலாம். அதுவரை இப்பணத்தை எங்கே வைப்பது? வங்கியில் வைத்தால் வட்டி வந்து ஒட்டிக் கொள்ளும் என்றார் ஒருவர். மீன் வியாபாரம் செய்யும் நம்பிக்கையான மனிதரிடம் இலாபப் பங்கிற்குக் கொடுக்கலாமே என்றார் மற்றொருவர். நிலமாக வாங்கிப் போட்டால் விலையாவது ஏறும் என்றார் இன்னொருவர். மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இறுதியாக வாய் திறந்தார்.

“எங்கள் சங்கத்தில் இப்படியொரு வாதமே எழாது, ஹஜ்ரத். பணத்தை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் யோசிக்க வேண்டியதே இல்லை” என்றார்.

அவருடைய சொல் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. ஒரு சங்கத்தின் பணம் எங்கே இருக்க வேண்டுமென்பதைச் சட்டம் ஏன் எழுதி வைத்தது? யாரை நம்பாமல் எழுதி வைத்தது? நம்முடைய ஃபிக்ஹு நூல்கள் இதைப்பற்றி என்ன கூறுகின்றன? இக்கேள்விகளுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பொதுவான ஒன்றைத் தனியொருவர் கையில் விடலாகாது என்பதை ஏரிக்கரை மக்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. பழவேற்காட்டில் தொன்றுதொட்டு ‘பாடு’ எனும் முறை நிலவி வருகிறது. மீன் வளம் மிக்க இடங்களில் இன்னார் இன்ன நாளில்தான் வலையிட வேண்டுமென ஊர் கூடி முறை வைக்கும். வலிமையுடையவன் தினந்தோறும் நல்ல இடத்தைப் பிடித்துக் கொள்ள முடியாது. நீருக்கு இத்தகைய ஒழுங்கைக் கண்டவர்கள் பணத்திற்கும் அவ்வாறே ஓர் ஒழுங்கு வேண்டுமென எண்ணுவது இயல்பே.

ஆனால் பணத்திற்கான ஒழுங்கு, உலகில் பேரிழப்புகளுக்குப் பின்னரே பிறந்தது. 1720ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தென்கடல் கம்பெனி என்றொரு நிறுவனத்தின் பங்குகள் மீது மக்கள் பித்துக் கொண்டனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 130 பவுன் விலை பெற்ற பங்கு, கோடைக்காலத்தில் 1000 பவுனை எட்டியது. ஆண்டு முடிவதற்குள் 200 பவுனுக்கும் கீழே வீழ்ந்தது. தத்தம் பணத்தை இழந்தோர் தம் பேராசையை நொந்து கொள்ளலாம். அநாதைக் குழந்தைகளுக்காகவும் விதவைகளுக்காகவும் பிறர் ஒப்படைத்த பணத்தை இழந்தவர்கள் யாரை நொந்து கொள்வது? இதன்பின் அந்நாட்டு நீதிமன்றங்கள், பிறர் பணத்தைக் காக்கும் பொறுப்பாளர்கள் அதனை அரசாங்கக் கடன் பத்திரங்களிலேயே இட வேண்டுமென நெறிப்படுத்தத் தொடங்கின. 1751இல் உருவான மூன்று விழுக்காட்டு அரசுப் பத்திரம், இத்தகைய பணத்திற்கெல்லாம் புகலிடமாயிற்று. இலாபம் குறைவு, ஆனால் அரசே அழிந்தாலன்றி முதல் அழியாது என்பது நம்பிக்கை.

அந்நம்பிக்கையே கப்பலேறி இந்தியாவிற்கும் வந்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், தன் 20ஆம் பிரிவில் ஒரு பட்டியலைத் தந்தது. அரசாங்கத்தின் கடன் பத்திரங்கள், அரசு வட்டிக்கு உத்தரவாதம் அளித்த ரயில்வேப் பங்குகள், நகராட்சிகளின் கடன் பத்திரங்கள், நிலத்தின் மீதான முதல் அடமானம் முதலியவை அதில் இடம் பெற்றன. அடமானத்திற்கும் ஓர் அளவுகோல் உண்டு. நிலத்தின் மதிப்பு கடன் தொகையைவிட மூன்றிலொரு பங்கு மிகுந்திருக்க வேண்டும். கட்டிடமாயின் பாதிப் பங்கு மிகுந்திருக்க வேண்டும். அதாவது 900 ரூபாய் கொடுக்க வேண்டுமாயின் நிலம் 1200 ரூபாய் பெறுமானதாகவும், கட்டிடம் 1350 ரூபாய் பெறுமானதாகவும் இருத்தல் வேண்டும். நிலம் நெருப்பில் எரியாது, கட்டிடம் எரியும் என்னும் எளிய அறிவே இவ்வேற்றுமையில் ஒளிந்திருக்கிறது போலும்!

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. பொறுப்பாளர் விதியை மீறி ஓரிடத்தில் நட்டப்படுத்திவிட்டு, வேறிடத்தில் வேறொரு மீறலால் கிடைத்த இலாபத்தைக் காட்டி, இதை அதில் கழித்துக் கொள்ளுங்கள் என்று கூறவியலாது. இலாபம் அறக்கட்டளையைச் சேரும். நட்டம் அவர் தலையைச் சேரும். சூதாடி வெல்பவனும் சூதாடியே என்பதைச் சட்டம் இவ்வாறு சொல்லாமல் சொல்கிறது.

இவ்விதிகளின் அருமையைச் சென்னை மாநகரம் 1906இல் கண்கூடாகக் கண்டது. அர்பத்நாட் கம்பெனி அந்நாளில் சென்னையின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களுள் ஒன்று. அதன் பெயரே உத்தரவாதமென மக்கள் எண்ணினர். ஓய்வு பெற்ற அலுவலர்களும், விதவைகளும், சிறு வணிகர்களும் தம் சேமிப்பை அங்கே கொட்டி வைத்திருந்தனர். அதனோடு தொடர்புடைய லண்டன் கூட்டாளியின் ஊக வணிகம் பொய்த்தது. அவர் தற்கொலை செய்து கொண்டார். 1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் கம்பெனியின் கதவு மூடியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பின்னர் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். வாடியவர்களின் கண்ணீரைத் தண்டனை துடைக்கவில்லை. இவ்வீழ்ச்சியின் சூட்டிலேயே வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

இதே காலத்தில்தான் நாம் வாழும் இப்பகுதியில் வேறொரு வித்தும் ஊன்றப்பட்டது. சென்னை அரசு, கடனில் மூழ்கிய உழவர்களை மீட்க வழி காணுமாறு ஃபிரெடரிக் நிக்கல்சன் எனும் அதிகாரியை 1892இல் நியமித்தது. அவர் ஐரோப்பியக் கூட்டுறவு முறைகளை ஆராய்ந்து, ஜெர்மனியில் ரைஃபைசன் என்பார் கண்ட கிராமச் சங்கங்களைப் போல் இங்கும் தோன்ற வேண்டுமென 1895இல் அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில், நாட்டின் முன்னோடிக் கூட்டுறவுக் கடன் சங்கம் எழுந்தது. அனுப்பம்பட்டும் பழவேற்காடும் அடங்கிய மாவட்டமும் இதுவே. அதனினும் வியப்பு, அதே நிக்கல்சன் தம் பிற்கால உழைப்பை மீனவர்க்கு அளித்ததாகும். 1907இல் உருவான சென்னை மீன்துறைக்கு அவரே தலைமை ஏற்றார். உழவனின் கடனை ஆய்ந்த கண், வலைஞனின் வாழ்வையும் நோக்கியது.

1912ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம், சங்கங்களின் பணத்தை எங்கே இடலாமென 32ஆம் பிரிவில் வரையறுத்தது. அரசாங்கச் சேமிப்பு வங்கி, முன் சொன்ன 1882ஆம் ஆண்டுப் பட்டியலிலுள்ள பத்திரங்கள், பதிவு பெற்ற வேறு சங்கங்கள், பதிவாளர் ஏற்றுக் கொண்ட வங்கிகள் என்று அது வழி காட்டியது. அடுத்த பிரிவு, நிகர இலாபத்தில் நான்கிலொரு பங்கையேனும் சேம நிதியில் சேர்க்க வேண்டுமென்றது. இலாபம் வந்த ஆண்டில் முழுவதையும் பகிர்ந்துண்டு, நட்டம் வந்த ஆண்டில் வெறுங்கையோடு நிற்கலாகாது என்பதே அதன் உட்பொருள். ஓய்வு பெற்ற கணக்கர் குறிப்பிட்ட விதியின் வேர் இதுவே. பின்வந்த மாநிலச் சட்டங்களும், இன்றைய 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வரை, இவ்வேரிலிருந்தே கிளைத்தவை.

இனி நம்முடைய பக்கத்திற்கு வருவோம். 1882ஆம் ஆண்டுச் சட்டம் தன் முதற்பிரிவிலேயே, முஸ்லிம்களின் வக்ஃபு விதிகளை இச்சட்டம் தொடாது என ஒதுங்கிக் கொண்டது. ஆகவே அப்பட்டியல் நம் பள்ளிவாசல்களைக் கட்டுப்படுத்தவில்லை. நன்று. ஆனால் அதனிடத்தில் நாம் எப்பட்டியலை வைத்தோம்?

வக்ஃபின் இலக்கணம் உமர் (ரலி) அவர்களின் கைபர் நிலத்திலிருந்து தொடங்குகிறது. முதலை விற்காமலும் கொடையாக்காமலும் நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலை மட்டும் அறவழியில் செலவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்கு வழிகாட்டினார்கள். நிலமும் தோப்பும் கிணறும் இவ்விலக்கணத்திற்குத் தடையின்றிப் பொருந்தும். நாணயம் பொருந்துமா? நாணயத்தின் பயனே அதைச் செலவழிப்பதில் இருக்கிறது. செலவழித்ததும் முதல் மறைந்துவிடுகிறது. ஆதலின் நம் கடற்கரைப் பகுதியில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பான்மை அறிஞர்கள் நாணயத்தை வக்ஃபு செய்வதை ஏற்கவில்லை. ஹனஃபி மத்ஹபில் இமாம் ஸுஃபர் (ரஹ்) அவர்களிடமிருந்து வந்த ஒரு கருத்து இதனை அனுமதித்தது. அந்நாணயத்தை முளாரபாவாக, அதாவது ஒருவர் முதல், மற்றொருவர் உழைப்பு எனும் இலாபக் கூட்டாக, வணிகனிடம் கொடுத்து, வரும் இலாபத்தை அறத்திற்குச் செலவிட வேண்டுமென்பது அதன் நிபந்தனை.

இவ்வனுமதி பிற்காலத்தில் எங்கே சென்று முடிந்தது என்பதை உதுமானியப் பேரரசின் வரலாறு காட்டும். பதினாறாம் நூற்றாண்டில் அந்நாட்டு நகரங்களில் நாணய வக்ஃபுகள் பெருகின. அவற்றுட் பல, கூட்டு வணிகத்தில் ஈடுபடாமல், பத்துக்குப் பதினொன்று எனும் கணக்கில் கடன் கொடுத்தன. 1545இல் ஷைகுல் இஸ்லாம் பதவியேற்ற அபுஸ்ஸுஊத் எஃபந்தி, மக்களின் நடைமுறையையும் மூடப்படவிருந்த அறநிலையங்களையும் எண்ணி, நாணய வக்ஃபை ஆதரித்துத் தீர்ப்பளித்தார். 1573இல் மறைந்த இமாம் பிர்கிவீ அதனைக் கடுமையாக மறுத்து நூல் யாத்தார். ஒருவர் பள்ளிக்கூடங்களின் வாயிலைத் திறந்து வைக்க விரும்பினார். மற்றவர் அவ்வாயில் வழியே வட்டி நுழைவதைக் கண்டு அஞ்சினார். இருவருள் எவரையும் இழித்துப் பேச நமக்குத் தகுதியில்லை. ஏரிப்புறத்து ஜமாஅத்தில் எழுந்த வாதமும் அதே வாதந்தான், தொகைதான் சிறிது.

ஆக, அரசின் பட்டியல் நட்டத்தைக் கண்டு அஞ்சுகிறது. ஆதலின் வட்டிப் பத்திரத்தில் போய் அடைக்கலம் புகுகிறது. ஷரீஅத் வட்டியைத் தடுக்கிறது. ஆதலின் இலாப நட்டம் இரண்டிற்கும் உரிய வணிகத்தைக் காட்டுகிறது. இரண்டிற்கும் நடுவே ஒரு சிறிய ஜமாஅத்து என்ன செய்யும்?

அரசுப் பத்திரமும் முற்றிலும் அசையாத பாறையன்று என்பதை இவ்விடத்துக் கூற வேண்டும். முன்னாளில் மூன்றரை விழுக்காட்டுப் பத்திரம் வைத்திருந்த அறநிலையமொன்றை நினைத்துப் பாருங்கள். 1917இல் அரசு போர்க்கடனை ஐந்து விழுக்காட்டிற்குத் திரட்டியது. புதிய பத்திரம் ஐந்து தரும்போது, மூன்றரை தரும் பழைய பத்திரத்தை எவர் முழு விலைக்கு வாங்குவார்? கணக்குப்படி 100 ரூபாய்ப் பத்திரம் 70 ரூபாய் அளவிற்கு இறங்கினால்தான் வாங்குபவருக்குக் கட்டுப்படியாகும். விற்கும் கட்டாயம் நேர்ந்த அறநிலையம், விதியை ஓரெழுத்தும் மீறாமலே முதலில் பெரும்பகுதியை இழந்திருக்கும். விலைவாசி ஏற்றமோ விற்காதவர்களையும் விட்டுவைப்பதில்லை.

இதனாலேயே உலகம் பட்டியலிலிருந்து மெல்ல நகர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில நீதிமன்றம் 1830இலேயே, ஹார்வர்டு கல்லூரி தொடுத்த வழக்கில், வேறொரு வழி கண்டது. பொறுப்பாளர்கள் ஆலைப் பங்குகளை வாங்கினர், விலை வீழ்ந்தது, ஆயினும் அவர்கள் மீது குற்றமில்லை என்றது. விவேகமுள்ள மனிதன் தன் பொருளில் எத்தகைய கருத்தும் கவனமும் கொள்வானோ அவற்றை இவர்கள் கொண்டார்களா என்பதே அங்கே உரைகல் ஆயிற்று. இங்கிலாந்து 2000ஆம் ஆண்டின் சட்டத்தால் பழைய பட்டியலைக் கைவிட்டது. இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 1882இன் நீண்ட பட்டியலை நீக்கி, மைய அரசு அறிவிக்கும் வகைகளை அதனிடத்தில் வைத்தது.

ஃபிக்ஹு நூல்களைப் பயின்றவர்களுக்கு ஹார்வர்டு வழக்கின் தீர்ப்பு புதிதன்று. அமானிதம் பெற்றவன், வரம்பு மீறாமலும் கவனக் குறைவின்றியும் இருந்தால், நட்டத்திற்குப் பொறுப்பாளியல்லன் என்றே நம் அறிஞர்கள் எழுதியுள்ளனர். ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. அநாதையின் பொருளை அவனிடம் ஒப்படைக்கும்போது சாட்சி வைக்குமாறு திருக்குர்ஆனின் ‘நிஸா’ அத்தியாயம் கட்டளையிடுகிறது. காப்பாளன் நல்லவனாயிருத்தல் மட்டும் போதாது. அவன் நல்லவனென்பதைக் காணப் பிறர் கண்களும் வேண்டும். 1923ஆம் ஆண்டின் முஸல்மான் வக்ஃபுச் சட்டம், முத்தவல்லிகள் தணிக்கை செய்த கணக்கை நீதிமன்றத்தில் அளிக்க வேண்டுமென்றபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. கணக்குக் கேட்பது அவமதிப்பன்று; அது நம் வேதத்தின் ஒழுங்கே.

இவ்விடத்தில் என் குற்றமொன்றை ஒப்புக் கொள்ளாமல் மேற்செல்ல என் மனம் இடந்தரவில்லை. மதரஸாவில் பட்டம் பெற்று வெளிவந்த புதிதில், வேறோர் ஊரின் மக்தபில் முஅல்லிமாக இருந்தேன். அங்கே 40,000 ரூபாய் சேர்ந்திருந்தது. வட்டியைத் தவிர்க்க அதை ஒரு வணிகரிடம் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் என்னைக் கேட்டனர். முளாரபா ஹலால்தானே என்றேன். இளமை, கிதாபின் மை உலராத நாவு. பணம் கை மாறியது. எழுத்தில்லை, கணக்குப் புத்தகமில்லை, சாட்சியில்லை. இரண்டாண்டில் வணிகம் நொடித்தது. அவ்வணிகர் வஞ்சகரல்லர், அவர் அழுததை நான் கண்டேன். ஆனால் மக்தபின் கூரை வேயப்படவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிவாசலின் தாழ்வாரத்தில் ஒதுங்கி ஓதினர். முளாரபா ஹலால் என்று நான் சொன்னது பொய்யன்று. கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை என்பதே என் குற்றம்.

அக்கேள்வி இதுதான்: பணம் கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தனர்? கட்டிடத்திற்கெனக் கொடுத்த பணம், செலவாகும் வரை நம் கையில் அமானிதம். நாமோ கொடுத்தவர்களின் வகீல்கள். வகீல், தனக்களித்த அனுமதியின் எல்லையைக் கடக்கலாகாது. முளாரபாவில் நட்டம் வந்தால் அது முதலுக்குரியவரையே சேரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். அந்நட்டத்தை ஏற்கச் சம்மதித்துக் கொடுத்தாரா, வலை இழுத்துச் சேர்த்த காசில் பத்து ரூபாய் தந்த அந்த ஏழை? அவரைக் கேளாமல் அவருடைய காசைக் கடலில் இறக்க நமக்கு உரிமையில்லை. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும், பட்டியலைச் சொல்வதற்கு முன்பாகவே, கொடுத்தவரின் ஆவணத்தில் கண்ட கட்டளைக்கு உட்பட்டு என்றே தொடங்குகிறது. வட்டியில் வேறுபடும் இரு சட்டங்களும் இவ்வொன்றில் ஒன்றுபடுகின்றன. எங்கே வைத்தால் வளரும் என்பது இரண்டாவது கேள்வி; கொடுத்தவரின் நோக்கம் யாது என்பதே முதற்கேள்வி.

ஏரிப்புறத்து ஜமாஅத்தாருக்கு நான் கூறியதும் இதுவே. இரண்டாண்டில் செலவாக வேண்டிய பணத்திற்கு இலாபம் தேட வேண்டா. நிலம் வாங்கினால், செங்கல் வாங்கும் நாளில் அது விலை போகாமல் கிடக்கக் கூடும். வணிகரிடம் கொடுப்பதாயின், கொடுத்த ஒவ்வொருவரின் ஒப்புதலும் வேண்டும். அஃது ஆகாத செயல். வங்கியில், மூவருள் இருவர் ஒப்பமிட்டாலன்றி எடுக்க முடியாதவாறு ஜமாஅத்தின் பெயரில் வையுங்கள். தானே வந்து சேரும் வட்டியைக் கட்டிடத்திலோ பள்ளிவாசலிலோ கலவாமல், நன்மையை நாடாது வறியவர்க்குக் கொடுத்து நீங்கிக் கொள்ளுமாறு உலமாக்கள் பலர் கூறியுள்ளனர். அதற்கெனத் தனிக் கணக்கு எழுதுங்கள். ஜமாஅத்தின் நிர்வாகிகளுக்கு இப்பணத்திலிருந்து ஒரு காசும் கடனாகத் தரக் கூடாது. மாதந்தோறும் முதல் வெள்ளியன்று கணக்கைப் பள்ளிவாசலின் சுவரில் ஒட்டுங்கள்.

“கடைசியாகச் சொன்னதுதான் கடினம், ஹஜ்ரத்” என்றார் அந்த ஓய்வு பெற்ற கணக்கர். சபையில் சிரிப்பெழுந்தது. சற்றுப் பொறுத்து அவரே, கணக்கெழுதும் பொறுப்பைத் தாம் ஏற்றுக் கொள்வதாகக் கூறினார்.

நான் திரும்பும் வேளை அனுப்பம்பட்டு நிலையத்தில் அந்தி சாய்ந்திருந்தது. நடைமேடையில் மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் சிலர், அன்றைய வரவைக் கூடையோரத்தில் கொட்டி, ஒருத்தி எண்ண மற்றவர்கள் பார்த்துக் கொண்டிருக்க, பங்கு பிரித்துக் கொண்டிருந்தனர். எண்ணியவள் ஒருமுறை பிழை செய்தாள், பார்த்திருந்தவள் திருத்தினாள், எவரும் எவரையும் கோபித்துக் கொள்ளவில்லை.

சென்ற வெள்ளியன்று அவ்வூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முதல் மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டிவிட்டார்களாம். கூட்டலில் எட்டு ரூபாய் பிழை இருந்ததை மக்தபில் ஓதும் சிறுவனொருவன் கண்டுபிடித்துச் சொன்னானாம்.